அங்கப்பன் தோட்டத்தில் புகுந்த விளக்குமாறு

என் அக்கா காளியாயியின் புருஷன் அங்கப்பனைப் போல ஒரு சோம்பேறியைச் சேர்வராயன் மலை முழுக்கத் தேடினாலும் நீங்கள் பார்க்க முடியாது. சும்மா சொல்லவில்லை. நான் ஒண்டிக்கடை ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கரடியூர் வரைக்கும் ஏற்றிப் போய், மலையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவது என் பிழைப்பு. ஜீப்பை விட்டு இறங்காமலே "வியூ சூப்பர்" என்று சொல்லித் திரும்பிய ஆட்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் லீவுக்கு வந்து சோம்பேறி ஆனவர்கள். மாமா கல்யாணம் ஆன நாள் முதல் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் சோம்பேறியாக இருந்து வருகிறவர்.

தலைச்சோலையில் ஊர் முடிந்து சோலைக்காடு ஆரம்பிக்கிற சரிவில் அவருக்கு ஒரு காப்பித் தோட்டம் உண்டு. அவருடைய அப்பா வைத்தது. காப்பிக்கு என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செடிக்கு மேலே நிழல் வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். அதனால் கோடை மழை விழுந்ததும் மரத்தில் ஏறிக் கிளை கழிக்க வேண்டும். களை எடுக்க வேண்டும், வேண்டாத கிளைகளை வெட்டிச் செடியைக் கவ்வாத்து செய்ய வேண்டும். தானாக முளைத்த காட்டு மரங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நெட்டையாக வளர்கிற சில்வர் ஓக்கை வரிசையாக நட்டு, மிளகுக்கொடி ஏற்ற வேண்டும். ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து முருகேசனைப் பார்த்தால் உங்களுக்கே பயமாக இருக்கும். அவர் தோட்டத்தில் ஒரு சருகு விழுந்தால், அது தரையைத் தொடுவதற்குள் பொறுக்கிவிடுவார்.

மாமா இதில் ஒன்றையும் செய்ததில்லை. நானும் மச்சினன் முறைக்கு அவ்வப்போது கேட்டுப் பார்ப்பேன்.

"ஏனுங்க மாமா, அந்த நாவ மரத்தைக் கொஞ்சம் கழிச்சு உடலாமில்லீங்களா?"

"அதுமேல ஏறோணுமே மாப்ள."

"அந்தச் செத்த மரத்தையாவது வெட்டிப் போடலாமில்லீங்க?"

"அது பாட்டுக்கு நிக்குது. நம்மள என்ன பண்ணுது?"

பறவை எச்சத்தில் முளைத்த அத்தி, எங்கிருந்தோ உருண்டு வந்த கொட்டையில் எழுந்த காட்டு மா, அழுகிய பழத்தில் இருந்து கிளம்பிய பலா என்று எல்லாவற்றையும் மாமா அப்படியே விட்டுவிட்டார். பிடுங்குவதற்கு எழுந்திருக்க வேண்டுமே! போகப் போக, சோலைக்காடு எங்கே முடிகிறது, மாமா தோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. காட்டில் இருக்கிறவற்றுக்கும் தெரியவில்லை. மரநாய் வரும், முள்ளம்பன்றி வரும், காட்டெருமையும் வரும். தோட்டத்தின் நடுவில், பெரிய பலா மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. மாமா படுக்கிற இடம் அதுதான். ஒரு தடவை காட்டெருமை ஒன்று அந்தப் பாறையை ஒட்டிப் படுத்துக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் பட்டாசு கொளுத்தி, தகரம் தட்டி, ஊரைக் கூட்டியிருப்பார்கள். மாமா வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். மறுபடி போய்ப் பார்த்தார். அது எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்து அக்காவிடம், "என்ற எடத்துல வந்து படுத்துக்கிச்சு புள்ள. எந்திரிக்கவே மாட்டீங்குது. சரியான சோம்பேறிக் கழுதை" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு என் அக்காவைக் கட்டிவைத்தது எங்கள் அப்பா செய்த அநியாயம். காளியாயிக்கு உட்காரத் தெரியாது. விடிந்தால் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போவாள். திரும்பி வந்தால் ஆடு, ராகி, அடுப்பு. இடையில் மகளிர் குழுவுக்குத் தலைவி. பேசும்போதுகூட எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவாள். பகலில் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை, காய்ச்சலில்கூட. மாமா தோட்டத்தில் விளைகிற கொஞ்சம் காப்பியை வைத்துக்கொண்டு குடும்பம் ஓடாது. ஓட்டியது அவள்தான். மகள் தீபிகாவைச் சேலத்தில் நர்சிங் படிக்க வைத்ததும் அவள்தான்.

அதனால்தான் தங்கராஜ் என்கிறவர் கார் போட்டு வந்து, தோட்டத்தை நீண்ட குத்தகைக்குக் கொடுங்கள், ரிசார்ட் கட்டுகிறேன் என்று கேட்டபோது அக்கா உடனே முடியாது என்று சொல்லவில்லை. ஐப்பசி முடிவதற்குள் பதில் சொல்வதாகச் சொன்னாள். உள்ளுக்குள் சரி என்று முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் சம்மதம்தான். ரிசார்ட் வந்தால் என் ஜீப்புக்குச் சவாரி வரும்.

மாமா எதிர்த்துப் பேசவில்லை. எதிர்ப்பதும் ஒரு வேலைதானே. பாறையில் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"மாப்ள, இந்தப் பலாவ வெட்டிப்போடுவாங்களா?"

"இங்கதான் நீச்சல் குளம்னு சொல்றாருங்க மாமா. தண்ணியில சருகு உழுகுமில்லீங்க."

அடுத்த நாளில் இருந்து மாமா தலையணையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார். இருக்கிற வரைக்கும் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார் போல. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வருத்தமாகவும் இருந்தது.

அப்போதுதான் சங்கீதா வந்தது. சிறு காப்பி விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு நடத்துகிற பெண். காட்டு மரங்களை வெட்டாமல் அந்த நிழலிலேயே வளர்த்த காப்பியை நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். அதற்கு ஏற்ற தோட்டம் இந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க என் ஜீப்பில் ஏறியது. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது: "வேலி போட்டெல்லாம் காட்டைக் காப்பாத்த முடியாதுங்கண்ணா. காட்டை ஒட்டி இருக்கிறவங்களுக்கு அதுல ஒரு பொழப்பு இருந்தாத்தான் காடு நிக்கும்." எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எங்கள் ஊரில் அப்படி ஒரு தோட்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் முருகேசன் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி இருந்தது. முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாராட்டுக்குத் தயாராக நின்றார்.

"பறவை எல்லாம் வருதுங்களா?" என்று சங்கீதா கேட்டது.

"வராதுங்க!" என்றார் முருகேசன் பெருமையாக. "வர உட்டுருவனா?"

அதற்கப்புறம் ஜீப்புக்குக் குறுக்கு வழியாகத் திரும்பும்போதுதான் மாமா தோட்டத்துக்குள் நுழைந்தோம். சங்கீதா பத்தடி நடந்தது, அப்படியே நின்றுவிட்டது. தலைக்கு மேலே மூன்று நான்கு அடுக்காக மரம். காலுக்குக் கீழே மெத்தென்று சருகு. செத்த மரத்தின் பொந்தில் இருந்து மரங்கொத்தி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. பாறையில் மாமா தலையணையோடு படுத்திருந்தார். ஆள் வந்த மரியாதைக்கு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்கய்யா, இந்த மரத்தையெல்லாம் எப்படி வெட்டாம வெச்சிருக்கீங்க?"

"முடியலீங்க கண்ணு."

"செத்த மரத்தையும் உட்டு வெச்சிருக்கீங்களே, பறவை கூடு வைக்கட்டும்னுங்களா?"

"இல்லீங்க. கோடாலி ஊட்டுல கெடக்குதுங்க."

சங்கீதா புத்திசாலிப் பெண். ஆள் எப்படி என்பது அதற்கு உடனே புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தது. "எப்படியோ, தோட்டம் நாங்க தேடுனபடி இருக்குதுங்க" என்றது. தோட்டங்களைச் சோதிக்கிற ஈவ்லின் மேடம் என்று ஒருவர் வெளியூரில் இருந்து வந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டால் இந்தத் தோட்டத்தைச் சேர்த்துக்கொள்வார்களாம். இந்த வருஷக் காப்பியிலிருந்தே நல்ல விலையாம். வீட்டுக்குக் கூட்டிப் போனதும் அக்காவும் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த மேடம் சரி என்று சொல்லிவிட்டால் தங்கராஜுக்கு இல்லை என்று சொல்லிவிடுவதாகவும், சொல்லாவிட்டால் குத்தகைக்கு விடுவதாகவும் மாமாவிடம் அங்கேயே வைத்து முடிவாகச் சொன்னாள்.

அன்றைக்கு அக்கா வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அக்கா அடுப்பைப் பற்ற வைத்ததும் சங்கீதா, "எனக்காக ஒண்ணும் செய்யாதீங்கக்கா" என்றது. அக்கா எண்ணெயில் வெல்லக் கச்சாயம் சுட்டுப் போட்டாள். அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "மேடம் வர்றவரைக்கும் தோட்டத்துலயும் ஒண்ணும் செய்யாதீங்க. இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியது.

மாமாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இத்தன வயசுல இப்படி ஒரு உத்தரவ எனக்கு யாரும் போட்டதில்ல மாப்ள" என்றார்.

அடுத்த வாரம் கொல்லிமலையில் கூட்டமைப்பின் கூட்டம் இருந்தது. அங்கே பேசுவதற்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு சங்கீதா புறப்பட்டது. என் ஜீப்தான். மாமா புதுச் சட்டை போட்டு, மேடையில் ஏறி, மைக்கைப் பார்த்து, "நான் ஒண்ணும் செய்யலீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு அடக்கம் என்று சனங்கள் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஆள் வந்து செல்பி எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் திரும்பி வரும்போது மாமா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் ஈவ்லின் மேடம் வர வேண்டும். சங்கீதாவை ஒண்டிக்கடை லாட்ஜில் இறக்கிவிட்டு, மதிய நேரத்தில் நானும் மாமாவும் தலைச்சோலைக்குத் திரும்பினோம். கடைசி வளைவில் வரும்போதே சரிவின் மேல் புகை தெரிந்தது.

"யாரோ குப்பை கொளுத்தறாங்க மாமா" என்றேன்.

"நம்ம தோட்டத்துல இருந்து வருது மாப்ள" என்றார் மாமா.

உள்ளே போனோம். எப்படிச் சொல்வது? பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ஊரில் ரோட்டோரத்து மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்களே, அதுபோல மாமா தோட்டத்தில் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரம் விடாமல் இடுப்பளவுக்கு வெள்ளை அடித்து, மேலே காவிப் பட்டை போட்டிருந்தார்கள். சருகு முழுக்கக் கூட்டி, ஒரு பக்கம் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். தரை சிவப்பாக, வழித்துவிட்ட மாதிரி இருந்தது. செடிகளுக்கு இடையில் வளர்ந்திருந்தது எல்லாம் போயாயிற்று. வரிசையாகப் பிளீச்சிங் பவுடர் கோடு. அது முருகேசனின் கைங்கரியம். காகிதத் தோரணம் கட்டியிருந்தது. மாமாவின் பாறைக்கும் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் கலர்ப் பொடியில் மயில் கோலம் போட்டு, கீழே "நல்வரவு" என்று எழுதியிருந்தார்கள்.

மகளிர் குழு மொத்தமும் சீமாறும் கையுமாக நின்றது. நடுவில் அக்கா. தலைமுடியில் சுண்ணாம்பு, முகம் எல்லாம் சிரிப்பு. கூலி வாங்காமல் கைமாத்து வேலையாக இவ்வளவையும் செய்து முடித்திருந்தார்கள்.

"பாருங்க, எப்படி இருக்குதுன்னு!" என்றாள் அக்கா. "நொம்ப அழுக்காக் கெடந்துச்சு. அவ்வளவு தூரத்துல இருந்து பெரிய மேடம் வர்றாங்க, இதுலயா காலை வெப்பாங்க?"

"அக்கா, ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுத்தானே போச்சு?" என்று நான் கத்தினேன்.

"அடப் போ கண்ணு. ஊட்டுக்கு வர்றவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க? கச்சாயமும் வேண்டாம்னுதான் சொன்னா. எத்தன தின்னா?"

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மாமா கத்தவில்லை. நேராகச் செத்த மரத்திடம் போனார். அதை அடியோடு வெட்டிச் சாய்த்திருந்தார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மரங்கொத்தியின் பொந்துக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து புதுச் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினார். சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியது.

"மாப்ள, ஜீப்புல சாக்கு கெடக்குதுல்ல, எடுத்துட்டு வா" என்றார்.

அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மாமா வாயில் இருந்து ஒரு வேலைக்கான வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எரிந்தது போக மீதிச் சருகை வாரித் தோட்டத்துக்குள் மறுபடி கொட்ட ஆரம்பித்தோம். போதவில்லை. முருகேசனின் உரக்குழியில் அவர் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த சருகை மாமா கேட்டார். முருகேசன் சொத்தை எழுதித் தரச் சொன்ன மாதிரி தயங்கினார், பிறகு கொடுத்தார். மாமா சாக்குச் சாக்காகத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினார். ஆமாம், ஓடினார். ஊர் சனம் வேலையை விட்டுவிட்டு அதைத்தான் வேடிக்கை பார்த்தது.

சருகைப் பரப்புவதில் அடுத்த தொல்லை. குழுப் பெண்களுக்கு எதையும் கோணலாகச் செய்யத் தெரியவில்லை. சருகை அள்ளிப் போட்டுவிட்டு, பாய் விரிக்கிற மாதிரி ஓரத்தைத் தட்டிச் சரி செய்தார்கள். "நேராப் போடாதீங்க! தாறுமாறாப் போடுங்க!" என்று மாமா தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரிந்தார். சுண்ணாம்பைத் தேங்காய் நாரால் தேய்த்தோம். போகவில்லை. மேலே சேறும் சாணியும் பூசினோம். கடைசியில் செத்த மரத்தை ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்தி, என் ஜீப் கயிற்றால் பலா மரத்தோடு கட்டினோம். "உசுரோட இருக்கறதுக்குக்கூட இப்படி முட்டுக் குடுத்ததில்ல" என்று முருகேசன் மூச்சு வாங்கினார். மாமாவின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து ரத்தமாக இருந்தது.

இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நல்ல ஐப்பசி மழை.

காலையில் குழாயைத் திறந்தால் செம்மண் தண்ணீர் வந்தது. மாமா தோட்டத்துக்குக் கீழே ஒரு ஊற்று இருக்கிறது. கீழ்த்தெரு வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். எத்தனையோ ஐப்பசி மழை பார்த்த ஊற்று, ஒரு நாளும் கலங்கியதில்லை. முந்தின நாள் சீமாறு பிடித்த பெண்கள் எல்லோரும் இன்றைக்குக் குடத்தோடு அக்கா வாசலுக்கு வந்தார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அக்கா ஒரு குடத்துக்குள் கையை விட்டு, அடியில் படிந்த மண்ணை எடுத்துப் பார்த்தாள். குப்பை என்று அவள் கூட்டித் தள்ளியதுதான் இத்தனை காலம் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஈவ்லின் மேடம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் சங்கீதா. தோட்டத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. மேடம் ஒரு மரத்தைத் தொட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். மேலே சாணி, அதற்குள் சுண்ணாம்பு. பிறகு கயிற்றைப் பார்த்தார்.

"இந்த மரத்தை எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"காத்து நொம்ப அடிக்குதுங்க மேடம்" என்றார் முருகேசன்.

அதைச் சொல்லி வாய் மூடவில்லை. நனைந்த கயிறு நெகிழ்ந்து, மரம் மெதுவாகச் சாய்ந்து, முருகேசன் பிடித்திருந்த குடையையும் கூட்டிக்கொண்டு தரையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மேடம்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க வர்றீங்கன்னு சுத்தம் பண்ணிட்டாங்கம்மா" என்றார் மாமா. "ஒரு மரியாதைக்குப் பண்ணுனது. அவிங்கள ஒண்ணும் சொல்லிராதீங்க."

"நான் பண்ணுனதுங்க" என்றாள் அக்கா.

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. சோலையை ஒட்டின மேல்பகுதிக்கு ஏறிப் போய் வெகு நேரம் சுற்றிப் பார்த்தார். சீமாறு அதுவரைக்கும் எட்டியிருக்கவில்லை. இறங்கி வந்து சொன்னார்: "மேல நல்லா இருக்குதுங்க. ஆனா இந்த நிலைமையில நான் சரின்னு சொல்ல முடியாது. ஒரு வருஷம் யாரும் தொடாம உட்டு வைங்க. அடுத்த ஐப்பசிக்கு நானே வந்து பாக்கறேன்."

அவ்வளவுதான். சரி என்று சொல்லவில்லை என்றால் குத்தகை என்று அக்கா முன்னமே சொல்லிவிட்டாள். தங்கராஜும் நேரம் பார்த்தது மாதிரி காரை மேலே நிறுத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "ஒரு வருஷம் எதுக்குங்கக்கா காத்திருக்கோணும்? இன்னைக்கே முடிச்சுக்கலாம்" என்றார் சிரித்துக்கொண்டே.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"உன்ற இஷ்டம் புள்ள" என்றார் மாமா. "இத்தன வருசம் ஓடி ஓடிக் காப்பாத்துனவ நீ. நான் படுத்துக் கெடந்தவன். நான் என்ன சொல்றது?"

அக்கா தங்கராஜிடம், எதையும் துடைக்காமல், நின்று நிதானமாகச் சொன்னாள்: "இல்லீங்க. குத்தகைக்கு உடலீங்க."

"ஏனுங்கக்கா, அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே?"

"சொன்னேனுங்க. இந்த மனுசன் எனக்காக ஓடல, பெத்த புள்ளைக்காக ஓடல. ஒண்ணுத்துக்குமே ஓடாதவருன்னு நெனச்சேன். நேத்து ஓடுனாருங்க. அப்படி ஓடற அளவுக்கு அவருக்கு ஒண்ணு இருக்குதுன்னா, அத நான் எப்படிங்க எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கறது? அப்புறம் எங்க தண்ணியும் அதுக்குள்ளதான் இருக்குது."

தங்கராஜ் மேலே ஏறிப் போனார். என் சவாரியும் அவரோடு ஏறிப் போயிற்று. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

அந்த ஒரு வருஷமும் தோட்டத்தில் யாரும் வேலை செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஊர் ஒரு காவல்காரரைப் போட்டது. யாரை என்று கேட்க வேண்டாம். மாமா பாறையில் படுத்தபடியே கடமையைச் செய்தார். அக்காவிடம் இருந்துதான் அதிகம் காவல் காக்க வேண்டியிருந்தது. சோறு கொண்டு வருகிறவள் போகிற போக்கில் ஒரு களையைக் கிள்ளுவாள். "கை, கை" என்று குரல் கொடுப்பார். அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். பழம் பறிப்பது மட்டும் கூடும் என்று சங்கீதா சொல்லியிருந்ததால், எஸ்டேட்டுக்குப் போய்விட்டு வந்து அதையும் அவளே பறித்தாள். அந்த வருஷம் சிரமமாகத்தான் போயிற்று, மறைப்பானேன்? ஆனால் சருகு சேர்ந்தது. ஊற்று தெளிந்தது. விழுந்து கிடந்த மரத்தில் காளான் பூத்தது. மரங்கொத்தி வேறு ஒரு மரத்தைக் கொத்த ஆரம்பித்தது. முருகேசன் தன் தோட்டத்து ஓரத்தில் முளைத்த ஓர் அத்தியைப் பிடுங்காமல் விட்டுவிட்டு, தினமும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

போன ஐப்பசியில் மேடம் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். தோட்டம் சேர்ந்தாயிற்று. இப்போது பழம் பறிக்கிற காலம். நேற்று மதியம் கூட்டமைப்பின் சாக்குகளை இறக்குவதற்காக ஜீப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பாறையில் மாமாவைக் காணோம். தலையணை மட்டும் இருந்தது. தலையணையில் என் அக்கா தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை இரண்டும் சும்மா கிடந்தன.

எனக்கு ஒரு நிமிஷம் பயமாகிவிட்டது. காப்பிச் செடிகளுக்கு நடுவில் இருந்து மாமா தலையை நீட்டி, உதட்டின் மேல் விரலை வைத்தார். அவர் இடுப்பில் அக்காவின் பறிப்புப் பை தொங்கியது. பாதிக்கு மேல் பழம் நிறைந்திருந்தது.

"சத்தம் போடாத மாப்ள" என்றார் மெதுவாக. "உங்கொக்கா எந்திரிச்சுக்கப் போறா. எந்திரிச்சா அவளே பறிக்கறேன்னு பையப் புடுங்கிக்குவா."

சாக்குகளை ஓசைப்படாமல் இறக்கி வைத்தேன். ஜீப்பை ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் கேட்கும். அதனால் பிரேக்கை மட்டும் விட்டு, கீழே ரோடு வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டே இறங்கினேன்.